இருபத்து நாலு தப்படி

தப்படி போட வரமாட்டேன்.

அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்? கையில் பத்திர நகல் இருக்கிறது. மனை வாங்கப் போகிறீர்கள். யாரோ சொல்லியிருக்கிறான், சர்வேயர் குத்தாலிங்கம் அண்ணாச்சியைக் கூட்டிப்போய் ஒரு நடை நடக்கவிடு, டேப்பே வேண்டாம் என்று. சொன்னவன் இரண்டு மாதமாக ஊரில் இல்லை போலிருக்கிறது.

தாலுகா ஆபீஸில் மனுப் போடுங்கள். மிஷினோடு ஒரு அம்மா வருவாள். நன்றாக அளக்கிறாள். போய் வாருங்கள்.

இன்னும் நிற்கிறீர்கள்.

சரி. காரணம் சொன்னால்தான் போவீர்கள் என்றால் சொல்கிறேன். நடுவில் பேசக் கூடாது. நான் இந்தப் படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். முப்பது முப்பதாக மூன்று தடவை. கெண்டைக்காலுக்கு. நீங்கள் பேசினால் எண்ணிக்கை போய்விடும்.

நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன். சேர்ந்த புதிதில் எனக்கு வேலை பழக்கிய ஹெட் சர்வேயர் என்னைத் தார் ரோட்டில் நடக்கவிட்டார். நூறு அடிக்கு நாற்பது தப்படி வரவேண்டும். வரும்வரை நடக்க வேண்டும். பதினேழு நாள் நடந்தேன். பதினெட்டாம் நாள் நாற்பது வந்தது. தப்படிக்கு இரண்டரை அடி. முப்பது அங்குலம். அதற்குப் பிறகு அது மாறவில்லை. கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றும்போதும் இரண்டரைதான். ஆவுடை, என் வீட்டுக்காரி, பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தாள். இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

ரிட்டயர் ஆனபிறகு சங்கிலி, டேப் எல்லாவற்றையும் ஆபீஸில் ஒப்படைத்தேன். காலை ஒப்படைக்க முடியாது. ஊர்க்காரர்கள் வந்தார்கள். "அண்ணாச்சி, ஒரு நடை நடந்து சொல்லுங்க." நடந்தேன். ஒரு காபி தருவார்கள். சிலர் அதுவும் தரவில்லை. நாற்பத்தொரு மனை. நான் சொன்ன இடத்தில் கல் நட்டார்கள். ஒருவனும் டேப் பிடித்துப் பார்க்கவில்லை. பிடித்திருந்தால் நான் அவன் வீட்டுப் பக்கம் அப்புறம் போயிருக்க மாட்டேன்.

பன்னிரண்டு. பதிமூன்று.

சவரிராயன் யார் என்று சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற போஸ்ட்மேன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். எழுபத்து மூன்று. ஆறடி உயரம். அதில் கால் மட்டும் நாலடி இருக்கும். அறுபத்தைந்து வயதில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் நடக்கச் சொன்னார். அவனுக்குச் சர்க்கரை, எனக்கு பிரஷர். ஹைஸ்கூல் மைதானத்தில் காலை ஐந்தரைக்கு நடந்தோம். ஒருநாள் நாய் துரத்தியது. ஓடினோம். அவன் முந்திவிட்டான். மறுநாள் நாய் இல்லாமலே ஓடினோம். அதிலிருந்து தினமும் ஓட்டம்தான்.

மாவட்டத்தில் மூத்தோர் தடகளப் போட்டி வருஷா வருஷம் நடக்கும். எழுபது வயதுக்கு மேல் நூறு மீட்டர். இரண்டு வருஷம் ஓடினேன். இரண்டு வருஷமும் அவன் முதல், நான் இரண்டாவது. அது பரவாயில்லை. ஒருவன் முதலில் வந்துதான் ஆக வேண்டும். போன வருஷம் திரும்பி வரும்போது பஸ்ஸில் மெடலைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"வே, நூறு மீட்டருக்கு நான் அம்பத்தஞ்சு தப்படி வச்சேன். நீரு எத்தன வச்சீருன்னு தெரியுமா?"

"எண்ணலை."

"அறுபத்து மூணு. என் பேரன் எண்ணியிருக்கான். எறும்பு ஓடுத மாரி ஓடுதீரு வே."

நான் தப்படியை வைத்துச் சோறு தின்றவன். என்னிடம் ஒரு தபால்காரன் தப்படியின் நீளம் பேசுகிறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் வறுத்த கடலை வாங்கி என் மடியில் வைத்தான். தின்றேன். அது வேறு.

வீட்டில் மருமகள் இசக்கியம்மாள் இருக்கிறாள். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னேன், ஓடுகிற தப்படியை நீளமாக்க ஏதாவது பயிற்சி இருக்கிறதாமே, பேப்பரில் போட்டிருந்தான் என்று. எந்தப் பேப்பர் என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

மறுநாள் சொன்னாள், "கால நனைச்சுட்டு சிமெண்டுத் தரையில நடங்க மாமா."

நடந்தேன். ஈரத்தடத்தில் குதிகாலிலிருந்து குதிகால் வரை டேப் வைத்தாள். நடை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் ஓட்டமும் இருக்கும், அதனால் முதலில் நடையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"இருபத்தேழு அங்குலம் மாமா."

"முப்பது."

"இருபத்தேழுதான் வருது. இடுப்பு இறுகிப் போயிருக்கு. காலு பின்னால போகவே மாட்டேங்கு."

"அது என்ன டேப்?"

"அத்தையோட தையல் டேப்."

ரவிக்கைக்கு அளக்கிற டேப். கிராமம் கிராமமாக நிலம் அளந்தவன் காலை அதை வைத்து அளந்தால் இருபத்தேழுதான் வரும். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதட்டும்.

பயிற்சி ஆரம்பித்தது. முதல் வாரம் நானாகவே காலை முன்னால் வீசிப்போட்டு ஓடிப்பார்த்தேன். நீளம் வேண்டுமென்றால் காலை நீட்ட வேண்டியதுதானே. மூன்றாம் நாள் தொடைக்குப் பின்னால் சுள்ளென்று பிடித்துக்கொண்டது. பத்து நாள் படுக்கை. ஆவுடை தைலம் தேய்த்துக்கொண்டே பேசினாள். தைலம் கொஞ்சம், பேச்சு நிறைய.

இசக்கி சொன்னாள், "கால முன்னால எறிஞ்சா பிரேக் போட்ட மாதிரி மாமா. பாதம் உடம்புக்குக் கீழதான் விழணும். விழுந்த கால் தரையப் பின்னால தள்ளணும். நீளம் பின்னாலேர்ந்துதான் வரும்."

அவள் சொன்னது சரி. அவளிடம் சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் சொன்னபடி செய்தேன். சுவரில் கை ஊன்றி ஒவ்வொரு முழங்காலாக இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது. குதிகால் பின்புறத்தில் பட ஓடுவது. ஒரு காலை முன்னால் மடக்கி, பின்கால் முட்டி தரையைத் தொடாமல் இறங்கி நிற்பது. கடைசியாகச் சொன்னதுதான் இடுப்புக்கு. புறவாசலில் அப்படி நிற்கும்போது ஆவுடை துணி காயப்போட வந்தாள்.

"எதுக்கு இப்படி மண்டபத் தூண்ல இருக்குத சிலை மாரி நிக்கீங்க?"

"பயிற்சி."

"நின்னது நிக்கீங்க, இந்தக் கொடியப் பிடிங்க."

பிடித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம் நிற்க வேண்டியவன் எட்டு நிமிஷம் நின்றேன். அன்றைக்கு இடுப்பு நன்றாகத் திறந்தது.

எண்ணிக்கை போய்விட்டது. நீங்கள் கண்ணைச் சுருக்கினீர்கள். பரவாயில்லை, ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சாயங்காலம் பெண்கள் பள்ளி மைதானத்தில் குச்சி ஓட்டம். சவுக்குக் குச்சிகளை வரிசையாகத் தரையில் போடுவாள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரே ஒரு காலடிதான் விழ வேண்டும். திங்கட்கிழமைதோறும் இடைவெளியை இரண்டு விரல்கடை கூட்டுவாள். அப்புறம் ஓடை தாண்டுகிற மாதிரி தாவித் தாவிப் போவது. வெள்ளிக்கிழமை ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் ஆறு ஓட்டம். நெட்பால் ஆடும் பிள்ளைகள் முதல் வாரம் சிரித்தன. இரண்டாம் வாரம் குச்சி எடுத்து அடுக்கிக் கொடுத்தன.

இது சவரிராயனுக்குத் தெரியாது. காலை ஐந்தரைக்கு அவனோடு ஓடும்போது பழைய தப்படியிலேயே ஓடினேன். நீளமாகப் போகிற காலைப் பிடித்துக் குறுக்கி ஓடுவது பயிற்சியைவிடக் கஷ்டம். "என்னவே, மூல வியாதியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மறுநாள் கருணைக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தான்.

பயிற்சியின் ஐந்தாம் மாதக் கடைசியில் இசக்கி மறுபடியும் காலை நனைத்து நடக்கச் சொன்னாள். அளந்தாள். முப்பது.

"பாத்தியா? டேப்பை ஒழுங்காப் பிடிச்சா முப்பது வருது" என்றேன்.

அவள் நோட்டைப் புரட்டி எதையோ காட்டினாள். நான் பார்க்கவில்லை. கண்ணாடி உள்ளே இருந்தது.

ஜனவரியில் மாவட்டப் போட்டி. நூறு மீட்டர். ஐம்பத்தேழு தப்படி. முதல் வந்தேன். எழுபது மீட்டர் வரை அவன் முன்னால் போனான். அப்புறம் அவன் தோள் எனக்குப் பக்கத்தில் வந்தது, அப்புறம் காணவில்லை. கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் முழங்காலில் கை ஊன்றி நிற்கிறான். நிமிர்ந்து வந்து என்னைத் தூக்கிவிட்டான். அத்தனை பேர் முன்னால், எழுபத்திரண்டு வயது ஆளை.

"என்னவே பண்ணீரு? சொல்லும்."

"ஒண்ணும் பண்ணலை."

"பொய். உம்ம காலு நீண்டுட்டு."

"இறக்கி விடும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்டான். நான் சொல்லவில்லை. ஜெயித்தவன் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அதற்கு அடுத்த வாரம்தான் மனை.

வடக்குத் தெருவில் எனக்கு ஒரு காலி மனை. அகலம் அறுபது அடி. அதற்கு மேற்கே இருந்த மனையை ஆறு வருஷத்துக்கு முன்னால் சவரிராயன் வாங்கி வீடு கட்டினான். வாங்கும்போது இரண்டு மனைக்கும் நடுவில் எல்லைக் கல் இல்லை. கிழக்கு ஓரத்திலிருந்து நான்தான் இருபத்து நாலு தப்படி போட்டுக் கல் நட்டேன். அவன் டேப் பிடிக்கவில்லை. "நீரு நடந்தா போதும்வே" என்றான்.

இப்போது சுற்றுச்சுவர் கட்டக் கொத்தனாரைக் கூட்டிப் போயிருந்தேன். கிழக்கு ஓரத்தில் நின்று இருபத்து நாலு தப்படி போட்டேன். கல்லைத் தாண்டிப் போய், சவரிராயன் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஆறடி உள்ளே. மறுபடி போட்டேன். மறுபடி துவைக்கிற கல். மூன்றாவது தடவை கொத்தனார் எண்ணினான். அவனும் இருபத்து நாலு என்றான்.

கல் நடக்காது. என் தப்படி மாறாது. அப்படியானால் கல்லை ஒருவன் நகர்த்தியிருக்க வேண்டும். பக்கத்து மனை யாருடையது?

நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

சவரிராயன் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த மரமும் அந்த ஆறடியில்தான் நிற்கிறது. கேட்டேன்.

"கல்லை எப்ப நகத்தினீரு?"

முதலில் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தான்.

"நீரு நட்ட கல்லுவே. நான் தொடலை."

"அப்ப என் தப்படி தப்புங்கீரு."

"தப்புங்கல. நீண்டுட்டுங்கேன். ஜனவரியில என் கண்ணால பாத்தேம்லா?"

"அது ஓட்டம். இது நடை."

"அப்ப ஓட்டம் நீண்டிருக்கு, ஒத்துக்கிடுதீரா?"

"நீளலை. அன்னைக்கு நீரு மெதுவா ஓடினீரு."

"சரி, அப்படியே வச்சுக்கிடும்" என்றான். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். குற்றம் இல்லாதவன் என்றால் நின்று சண்டை போட வேண்டாமா? எனக்கு அதுதான் பட்டது. நேராக டீக்கடைக்குப் போனேன். கல்லை நகர்த்துகிற ஆளோடு ஏழு வருஷம் ஓடியிருக்கிறேன் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். டீக்கடையில் மெதுவாகச் சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்கும். மறுநாள் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தேன். எல்லைக்கல்லை நகர்த்தி ஆறடி ஆக்கிரமிப்பு.

அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

எனக்கென்ன? தனியாக ஓடினேன். ஜனவரியில் பதினேழே கால் நொடியில் ஓடியவன் பிப்ரவரியில் பதினெட்டரை ஓடினேன். எதிர்க்காற்று. இசக்கி கடிகாரத்தை அமுக்கிவிட்டுக் கொடிமரத்தைப் பார்த்தாள். கொடி தொங்கிக்கொண்டிருந்தது. கொடிக்கு என்ன தெரியும்.

ஆவுடை ஒருநாள் சாம்பார் ஊற்றும்போது சொன்னாள்.

"சவரியண்ணன் சர்ச்சுல காணிக்கைப் பை பிடிப்பாருல்லா, விட்டுட்டாராம்."

"ஏனாம்?"

"ஆளுக பார்வை சரியில்லையாம். அவராவே வேண்டாம்னுட்டாராம். முப்பத்தெட்டு வருஷம் ஊர்க் காகிதத்தயும் மணியார்டரயும் கொண்டு கொடுத்த மனுசன். ஒரு தபால் தவறிச்சுன்னு யாராவது சொல்லியிருக்காவளா?"

"சாம்பார்ல உப்பு இல்லை" என்றேன்.

"இருக்கு" என்றாள்.

இருந்தது.

மார்ச்சில் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லித் தடகளச் சங்கத்து மாவட்டச் செயலாளர் போன் செய்தார். சவரிராயன் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். "இந்த வருசம் ஒங்களுக்கு ஆளே கிடையாது சார், ஈசியா ஃபைனல் போயிருவீங்க" என்றார். நல்லது என்றேன். போனை வைத்துவிட்டு மாடிப்படி மூன்று தடவை ஏறி இறங்கினேன். பயிற்சிப் பட்டியலில் மாடிப்படி இல்லை.

அப்புறம் அளக்கிற நாள் வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து அந்த அம்மா வந்தாள். சின்ன வயது. மூன்றுகால் மிஷின், கூட ஒரு உதவியாள். நான் பழைய சர்வேயர் என்று சொன்னேன். "அப்படியா ஐயா, சந்தோஷம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். வேலை தெரிந்தவள்.

வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர். பாதிப்பேர் மனைக்கு நான் தப்படி போட்டவன். சவரிராயன் முருங்கைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இளைத்திருந்தான். ஓடாத ஆள் பருக்க வேண்டும், இவன் இளைத்திருக்கிறான். இசக்கி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

ஒரு மணி நேரம் அளந்தாள். பழைய புலப்படத்தைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். பிறகு சொன்னாள்.

"ஐயா, ரெக்கார்டுப்படி உங்க அறுபது அடி இந்தத் துவைக்கிற கல் வரைக்கும் வருது. எல்லைக்கல் ஆறடி உங்க மனைக்குள்ளதான் இருக்கு."

கூட்டத்தில் ஒருவன் ஐயையோ என்றான். நான் சவரிராயனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் தப்படி சரி. மிஷினே சொல்லிவிட்டது. அதோடு அந்த அம்மா மிஷினை மடக்கியிருக்கலாம். கல்லுக்குப் பக்கத்தில் குந்தி மண்ணைக் கொத்திப் பார்த்தாள். கல்லைச் சுற்றி முருங்கை வேர் கை மொத்தத்துக்குப் பின்னிக் கிடந்தது.

"இது நகர்ந்த கல் மாதிரி தெரியலையே. யார் நட்டது?"

"நான்."

"எப்ப?"

"ஆறு வருஷம் முந்தி."

"எதை வச்சு அளந்தீங்க?"

"தப்படி. இருபத்து நாலு."

போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். "ஓரத்திலேர்ந்து கல் வரைக்கும் ஐம்பத்து நாலு அடி. இருபத்து நாலால வகுத்தா..." நிமிர்ந்தாள். "ஒரு தப்படிக்கு இருபத்தேழு அங்குலம்தான் வருது ஐயா."

இருபத்தேழு.

இசக்கி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவள் மட்டும் என்னைப் பார்த்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு முட்டி வலி இருந்தது. அது உண்மை. அப்புறம் அந்த மனையில் தரை கொஞ்சம் ஏற்றம். செருப்பும் புதுசு. இதையெல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த அம்மா அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லை இதுன்னு எழுதிடுறேன். கல் நகர்ந்துச்சா இல்லையான்னு தெரியலைன்னு விட்டுடுறேன் ஐயா. உங்களுக்கு நிலம் வந்தாச்சு. அது போதும்ல?"

போதும். எனக்கு நிலமும் வந்துவிட்டது, தப்படியும் சரி என்று ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது.

சவரிராயன் வந்தான். கையைக் கட்டினபடியே வந்தான்.

"ஆறடிய எடுத்துக்கிடும்வே. துவைக்கிற கல்ல இன்னைக்கே பேத்துருதேன். முருங்கைய நாளைக்கு வெட்டிருதேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் நகத்தினேனா?"

ஒரு கோழி குறுக்கே போயிற்று.

"நகத்தலை" என்றேன்.

"சத்தமாச் சொல்லும். அந்தம்மா எழுதணும்லா."

"நகத்தலை. எழுதும்மா. கல்லை நட்டது நான். கல் நகரலை. என் தப்படி குறைவு."

அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி நின்றாள். "அப்படியே எழுதவா ஐயா? கையெழுத்துப் போடணும்."

"போடுறதுக்குத்தான் சொல்றேன்."

போட்டேன். முப்பத்தாறு வருஷம் மற்றவர்களிடம் வாங்கிய கையெழுத்து. இடம் எங்கே என்று அவள் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

மை காயவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன், மளிகைக்கடை பூலுடையார், "அண்ணாச்சி, அப்ப என் மனை?" என்றான். அடுத்தவன், "எனக்குக் கிணத்துக்கு இடம் சொன்னீங்களே?" என்றான். நாற்பத்தொரு மனை. எது எந்த வருஷம், எது முட்டி வலிக்கு முன்னால், எது பின்னால், எனக்கே தெரியாது. அதனால்தான் இப்போது தப்படி போடுவதில்லை. சாயங்காலம் சாயங்காலம் டேப் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போகிறேன். பத்தொன்பது முடிந்தது. டேப்பின் மறுமுனையைச் சவரிராயன் பிடிக்கிறான். நான் கூப்பிடவில்லை. கதவு எண் எனக்கு ஞாபகம் இல்லை, அவனுக்கு எல்லாக் கதவும் தெரியும், அதனால் வருகிறான். டீக்கடைக்கும் போனேன். போன தடவை மெதுவாகச் சொன்னேன் இல்லையா, இந்தத் தடவை கத்திச் சொன்னேன். கடைக்காரன் கிளாஸைக் கீழே போட்டுவிட்டான்.

முருங்கையை வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கீரை எங்கள் வீட்டுக்கும் வருகிறது. சுற்றுச்சுவர் மரத்தைச் சுற்றி வளைந்து போகும். கொத்தனார் கோணல் என்கிறான். கட்டுடா என்றேன்.

அவ்வளவுதான் காரணம். போகலாம்.

என்ன, சவரிராயன் ஓட வந்தானா என்றா? பேசக் கூடாது என்று சொன்னேன்.

அளந்த அன்றைக்கே மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டேன். கடைசி நாள் தாண்டவில்லை. சவரிராயன் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். வயது என்ற இடத்தில் இரண்டு கூட்டிப் போட்டால் அவன் எழுபத்தைந்துப் பிரிவுக்குப் போய்விடுவான். அங்கே போய் ஜெயித்துக்கொள்ளட்டும், எனக்கும் தொந்தரவு இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுபத்து மூன்று என்றே போட்டேன்.

மறுநாள் ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கிறான். ஒன்றும் நடக்காதது மாதிரி லேஸ் கட்டுகிறான். அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"வே, ஜனவரியில என்ன பண்ணீருன்னு அந்தப் புள்ள சொல்லிருச்சு. குச்சி போட்டு ஓட விட்டாளாம்லா? எனக்கும் சொல்லித் தருவாளா?"

"மாட்டா" என்றேன்.

சிரித்தான். ஓடினோம். வழக்கமாக அவன்தான் முன்னால் போவான். இரண்டு மாதம் ஓடாததால் அன்றைக்கு எனக்குப் பின்னால் வந்தான். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஒரு சுற்று முடியும்போது பின்னாலிருந்து கத்தினான்.

"உம்ம இடது கால் வெளிய வெளிய போகுது வே. அதுல அரை அடி வீணாப் போகுது."

போனால் போகட்டும் என்றேன்.

மத்தியானம் இசக்கியைக் கூப்பிட்டு ஓடிக் காட்டினேன். நாலு தடவை பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். "ஆமா மாமா, லேசா வெளிய போகுது" என்றாள்.

ஐந்து மாதம் தினமும் என் காலைப் பார்த்தவள். படித்தவள். அவளுக்குத் தெரியவில்லை.

அவனுக்கு ஒரு சுற்றில் தெரிந்துவிட்டது.